சீமெந்துத் தரையில் மாவலி

நாலு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த கதிரையில் ஒரு பட்டதாரி ஆசிரியை இருந்தால், முழங்கால் இரண்டும் நாடியைத் தொடும். மூதூரில் ஒரு முன்பள்ளிக்குள் நான் அப்படித்தான் இருந்தேன். சனிக்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன். பிள்ளைகள் இல்லை. சுவரில் ஒரு மஞ்சள் யானையும், அதைவிடப் பெரிய ஒரு நீலக் கத்தரிக்காயும் இருந்தன. ஜன்னலால் வந்த காற்றில் கருவாட்டு மணம்.

எதிரே, அதே அளவுக் கதிரையில் நஸ்ரியா. காலை ஒரு பக்கம் மடித்து, அது ராசாவின் கதிரை என்பது போலச் சாய்ந்து இருந்தாள். அங்கே ஆசிரியை அவள்தான்.

நாங்கள் இருவரும் திருகோணமலைப் பட்டணத்தில் ஒரே ஹொஸ்டலில், ஒரே அறையில் இருந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்கள். அதன்பிறகு பல வருடங்களாகப் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் வட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவதோடு சரி. அந்தக் கிழமை அவளாகவே அழைத்து, “ஒரு வேல இரிக்கி, வா” என்றிருந்தாள்.

“எனக்கு வசனம் எழுதப் பழக்கு புள்ள,” என்றாள்.

“என்ன வசனம்? கலியாண வாழ்த்தோ?”

“பகிடி விடாத தர்சி. புவியியல். நான் திரும்ப எழுதப் போறன்.”

நான் சிரிப்பை நிறுத்தினேன். உயர்தரத்தில் அவள் தவறவிட்டது அந்த ஒரு பாடத்தைத்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரையும் கதைக்க விடவில்லை. இப்போது முன்பள்ளி ஆசிரியைகளுக்கான ஒரு டிப்ளோமாவில் சேர அவளுக்கு ஆசை. அதற்கு உயர்தரத்தில் எல்லாப் பாடங்களிலும் சித்தியடைந்திருக்க வேண்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் என்னை அழைத்திருக்கிறாள்.

“இந்தமுற பாஸாகல்லெண்டா விட்டுடுவன். பிறகு ஒருத்தரும் எங்கிட்ட இந்தக் கதய எடுக்கப்படா.”

“படமெல்லாம் மறந்து போச்சோ?”

“படம் ஏன் மறக்கிற? எல்லாம் இதுக்குள்ள இரிக்கி.” நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “வெளிய வரக்குள்ள வசனமா வருதில்ல. அதுதான் பிரச்சின.”

அந்தப் பிரச்சினை எனக்குத் தெரியும். இன்றைக்கு நான் புவியியல் ஆசிரியையாக இருப்பதே அவள் கீறிய படங்களால்தான்.

முதல் ஆள்

என் ஊர் இலங்கைத்துறை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். எந்தக் கதைக்குள்ளும் இதை எப்படியாவது கொண்டுவந்து வைத்துவிடுவேன் என்று நஸ்ரியா சொல்வாள். வைப்பேன். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பெருவிரலை வைத்தவர். அம்மா பஸ்ஸை அதன் நிறத்தைப் பார்த்து அறிகிறவள். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி சாதாரணதரப் பரீட்சையில் ஊரே கதைக்கும்படி சித்தியடைந்து, ஒரு பாயும் ஒரு புது வாளியுமாகப் பட்டணத்துக்குப் படிக்கப் போனாள் என்றால், அதை நான் சொல்லாமல் யார் சொல்வது?

பஸ் ஏறும்போது அம்மா, “படிச்சு முடிஞ்ச உடன வந்திடு பிள்ளை” என்றாள்.

“ஓம்,” என்றேன்.

படிக்கப் படிக்கத் தூரம் கூடிக்கொண்டே போகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போது நான் உப்புவெளியில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். அங்கிருந்து தினமும் வடக்கே திரியாய்க்குப் பஸ்ஸில் போய்ப் படிப்பிக்கிறேன். அம்மா தெற்கே இருக்கிறாள். எங்கள் மாவட்டம் நீளமானது. அதன் நீளம் எனக்குத் தெரிந்த அளவுக்கு வரைபடம் கீறியவர்களுக்கும் தெரிந்திருக்காது.

கடல் எந்தப் பக்கம்?

எங்கள் ஊரில் கிழக்கு, மேற்கு என்று யாரும் சொல்வதில்லை. கடல் பக்கம், காட்டுப் பக்கம். அவ்வளவுதான். “கத்தி எங்க?” என்று கேட்டால், “அடுப்புக்குக் கடல் பக்கம்” என்று பதில் வரும். குசினிக்குள்ளும் கடல் பக்கம் உண்டு. சூரியன் கடலில் எழும்பும், காட்டில் விழும். வலக்கை வலப்பக்கம் இருப்பது போலக் கடல் கிழக்கே இருக்கும். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டிய விசயமாகவும் அது இருக்கவில்லை.

பட்டணத்துக்கு வந்த புதிதில் ஒரு பின்னேரம் ஹொஸ்டல் பிள்ளைகள் எல்லோரும் துறைமுகப் பக்கம் நடந்து போனோம். சூரியன் தண்ணீருக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது.

“சூரியன் பிழையான பக்கம் போகுது,” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அந்தத் தவணை முழுவதும் அது போதுமாக இருந்தது அவர்களுக்கு. காலையில் பல்விளக்கப் போனால், “தர்சி, இண்டைக்கு எந்தப் பக்கத்தால விடிஞ்சது?” என்பார்கள்.

நஸ்ரியா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு சந்தேகம். “கடல் வடக்கிலதானே இரிக்கும்?” என்று கேட்டாள்.

“வடக்கிலயோ? உனக்கென்ன விசரா? கடலெண்டா கிழக்கு.”

“எங்கட மூதூர்ல நான் தொழக்குள்ள கடல் என்ட வலக்கைப் பக்கம் இரிக்கும். மேற்கப் பாத்துத் தொழுதா வலக்கைப் பக்கம் என்ன? வடக்குத்தானே?”

அன்று அறைக்குத் திரும்பியதும் அவள் ஒரு வெண்கட்டித் துண்டை எடுத்து, எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் தரையில் ஒரு கோடு இழுத்தாள். வளைந்து வளைந்து போன ஒரு கரை. ஓரிடத்தில் என் ஊர், கடல் கிழக்கே. கொஞ்சம் மேலே குடா உள்ளே வளைந்த இடத்தில் அவள் ஊர், கடல் வடக்கே. குடாவுக்கு எதிர்ப்பக்கம் பட்டணம், பார்க்கும் பக்கமெல்லாம் தண்ணீர்.

“பார். நீயும் சரி, நானும் சரி. நிக்கிற கரதான் வேற.”

அதுதான் அவள் எனக்குக் கீறிக் காட்டிய முதல் படம். வீட்டு நினைப்பு எனக்கு அழுகையாக வரவில்லை, திசை கெட்டுப் போனதாக வந்தது என்று அந்தத் தரையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு நெடுநாள் அவள் தொழுகிற பாய் எந்தப் பக்கம் விரித்திருக்கிறது என்று பார்த்துத்தான் நான் மேற்கைக் கண்டுபிடித்தேன்.

இரண்டு கட்டிலுக்கு நடுவில்

எங்கள் புவியியல் சேர் நல்ல மனிதர். நோட்ஸ் சொல்வார், நாங்கள் எழுதுவோம். காற்று, மழை, ஆறு, மண், சனத்தொகை எல்லாம் அவருடைய வாயிலிருந்து ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில் வரும். எது எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்று தெரியாது. நான் கொப்பியை நிரப்பினேன். அழகான கையெழுத்து என்று பெயரும் வாங்கினேன்.

பின்னேரம் நஸ்ரியா என் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு, அன்றைய பாடம் முழுவதையும் சிவப்புச் சீமெந்துத் தரையில் இறக்குவாள். அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. அசையாமல் இருப்பதெல்லாம் வட்டம். அசைவதெல்லாம் அம்பு. ஒவ்வொரு அம்புக்கும், “ஆரு ஆரத் தள்ளுற?” என்று கேட்க வேண்டும். பதில் இல்லாத அம்பை அழித்துவிடுவாள்.

எனக்கு மிகவும் பிடித்த சட்டம் வெறும் வட்டம். ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது, ஆனால் அது என்னவென்று தெரியவில்லை என்றால், வட்டத்தைப் போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட வேண்டும். சும்மா போடவும் முடியாது. உள்ளே வரும் அம்பும் வெளியே போகும் அம்பும் இருந்தால்தான் அது செல்லும். தெரியாததைத் தெரியாது என்று விட்டு வைக்க ஓர் இடம் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எனக்குத் தெரியாதவை அத்தனை இருந்தன.

ஹொஸ்டல் மேட்ரன் ஒருநாள் கதவில் நின்றபடி பார்த்தார்.

“இதென்ன, தரை முழுக்கப் பூச்சி ஊர்ந்து கிடக்கு?”

“பூச்சியில்ல மேட்ரன். வடகீழ்ப் பருவக்காத்து.”

“பருவக்காத்தோ பேய்க்காத்தோ, ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தரை சிவப்பாத் தெரிய வேணும்.”

ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் கழுவினோம். பருவக்காற்று சவர்க்கார நுரையோடு வடிகானுக்குள் போகும். திங்கட்கிழமை திரும்பவும் நினைவிலிருந்து கீற வேண்டும். கழுவிய பிறகும் எது திரும்பி வந்ததோ அதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வராதது இன்னும் கொப்பிக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தம். இதை மேட்ரன் எங்களுக்குச் செய்த உதவி என்று அப்போது நினைக்கவில்லை. கையெல்லாம் சவர்க்காரம், அவர் பாட்டுக்குத் திட்டிக்கொண்டு நின்றார்.

ஒரே ஆறு

ஒரு திங்கட்கிழமை மகாவலி கங்கையைக் கீறினோம். நஸ்ரியா மலையிலிருந்து தொடங்கி, வளைத்து வளைத்து இழுத்து வந்து, மூதூருக்குப் பக்கத்தில் குடாவுக்குள் விட்டாள்.

“எங்கட மாவலி,” என்றாள், தான் வெட்டிய ஆறு போல.

எனக்கு ரோசம் வந்தது. “எங்களுக்கும் ஆறு இருக்கு,” என்று சொல்லி, வெண்கட்டியைப் பறித்து, தெற்கே வெருகல் ஆற்றைப் போட்டேன். ஊரில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். கடலிலிருந்து பின்பக்கமாகக் காட்டுக்குள் கொண்டு போனேன். பிறகு எங்கே கொண்டு போவது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு வெறும் வட்டம் போட்டேன்.

அந்த வட்டம் அவளுடைய கோட்டுக்கு மிகக் கிட்ட இருந்தது. இருவரும் பார்த்தோம். பிறகு அலுமாரியிலிருந்து தேசப்படத்தை எடுத்தோம்.

ஒரே ஆறு. கீழே வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கை அவளிடம், ஒரு கை என்னிடம்.

“அப்ப ஒங்கட வெள்ளமும் எங்கட வெள்ளமும் ஒண்டுதான்!” என்று நஸ்ரியா கத்தினாள். பக்கத்து அறைப் பிள்ளைகள் சண்டையென்று நினைத்து ஓடி வந்தார்கள்.

அந்த மாரியில் மழை விடாமல் பெய்தபோது, இரண்டு பேருமே வீட்டை நினைத்துக்கொண்டு படுத்திருந்தோம். தரையில் அந்த ஆறு கிடந்தது. மேலே வட்டத்தில் மலை, கீழே இரண்டு சின்ன வட்டங்களில் எங்கள் இருவருடைய வீடுகள். அதற்குப் பிறகு எத்தனையோ விரிவுரை மண்டபங்களில் இருந்திருக்கிறேன். பெரிய திரையில் செய்மதிப் படங்கள் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருத்தியோடு சேர்ந்து ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோசம் மறுபடி கிடைக்கவில்லை.

விளக்குக

பரீட்சையில் நான் என்ன செய்தேன் என்றால், மனதுக்குள் தரையைக் கொண்டு வந்து, அதைப் பார்த்துப் பார்த்து வசனமாக எழுதினேன். எனக்கு அது வந்தது. என் கெட்டித்தனம் அதுதான், வேறொன்றும் இல்லை என்று பணிவாகச் சொல்லலாம். ஆனால் அதுவும் ஒரு கெட்டித்தனம்தான்.

நஸ்ரியா மற்றப் பாடங்களில் நோட்ஸைப் பாடமாக்கி அப்படியே எழுதினாள், சித்தியடைந்தாள். புவியியலை அவள் பாடமாக்கியிருக்கவில்லை. அதில் அவளுக்குச் சொந்தமாக விளங்கியிருந்தது. அதுதான் வினை. கேள்வி “விளக்குக” என்றது. அவள் விளக்கினாள், பக்கம் முழுவதும் வட்டங்களாலும் அம்புகளாலும். கீழே இரண்டு வரி.

“ஏனடி எழுதேல்லை?” என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

“வசனம் ஒரு பக்கமாத்தானே போகுது புள்ள. ஒரு அம்புக்குப் பின்னால போனா, மத்த அம்பெல்லாம் எங்க நிக்கிற?”

பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் அயலட்டைக்கெல்லாம் பாயாசம் கொடுத்தார்கள். அப்பா என் பெயரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மூதூருக்கு அழைத்தேன். அவளுடைய உம்மா எடுத்து, “புள்ள படுத்திட்டா மகள்” என்றார். வெளியே நல்ல வெயில்.

திரியாயில்

என் தரம் பத்து வகுப்பில் இப்போது தரையில்தான் பாடம். சீமெந்தில் வெண்கட்டி. வெள்ளிக்கிழமை கழுவுவோம். திங்கட்கிழமை நினைவிலிருந்து கீறுவோம்.

ஒரு தடவை, “இந்த ஊரில் சில கிணறுகள் மட்டும் ஏன் உவர்?” என்று கேட்டிருந்தேன். கஜந்தினி என்ற பிள்ளை கடலை ஒரு பக்கமும் கிணற்றை மறுபக்கமும் போட்டு, நடுவில் வெறும் வட்டம் விட்டிருந்தாள்.

“டீச்சர், இதுக்குள்ள ஒண்டும் எழுதேல்லை. மார்க்ஸ் குறைப்பீங்களோ?”

“அதுக்குத்தான் கூட மார்க்ஸ்.”

“அப்ப நான் தரை முழுக்க வெறும் வட்டமாப் போடட்டோ?”

வகுப்பு சிரித்து அடங்கச் சற்று நேரம் பிடித்தது. ஆனால் அந்த வட்டத்தை நிரப்ப அவர்கள் ஊரெல்லாம் திரிந்து கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்து வந்தார்கள். ஆழமாக வெட்டியதா, கடலுக்குக் கிட்டவா, கோடையில் நீர் இறைக்கும் மோட்டர் இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். போய்க் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வெறும் வட்டம்தான் கேட்க வைத்தது.

ஆசிரிய ஆலோசகர் ஒருநாள் வந்து பார்த்தார். எண்ணக்கரு வரைபடத்தை இப்படிப் பயன்படுத்துவது நல்லது என்றார். எந்தப் பயிற்சிநெறியில் பழகினீர்கள் என்று கேட்டார்.

“ஹொஸ்டல்ல சேர்,” என்றேன். அவர் பகிடி என்று நினைத்தார்.

ஒன்றை மட்டும் நான் நஸ்ரியாவின் சட்டங்களோடு சேர்த்திருக்கிறேன். படம் முடிந்ததும் என் பிள்ளைகள் அதை எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் யாரையும் வீட்டுக்கு விடுவதில்லை. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அவர்களுக்குத் தெரியாது.

மூதூர்ச் சனிக்கிழமைகள்

ஆகவே அந்தச் சின்னக் கதிரையில் இருந்தபோது எனக்குத் தன்னம்பிக்கைக்குக் குறைவில்லை. வசனம் எழுதப் பழக்க என்னைவிட யார்?

நஸ்ரியா பழுப்புத் தாளில், பிள்ளைகளின் கலர்ப் பென்சிலால் மகாவலியின் வெள்ளத்தைக் கீறினாள். முன்பைவிட நன்றாகக் கீறினாள். நான் பக்கத்தில் இருந்து அதை வசனமாக்கினேன். முன்னுரை, காரணங்கள், விளைவுகள், முடிவுரை, ஒவ்வொன்றும் ஒரு பந்தி.

வாசித்தாள். “நல்லாரிக்கி. ஆனா இது நீ. இதுக்குள்ள நான் எங்க புள்ள?”

“பரீட்சைக்கு இப்பிடித்தான் எழுத வேணும்.”

“சரி.”

அடுத்த சனிக்கிழமை அதை அப்படியே பாடமாக்கி வைத்திருந்தாள். நான் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டேன். உறைந்து போனாள். அடுத்த கிழமையும் அப்படியே. நான் இன்னொரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அவள் தாளை மடித்து மேசையில் வைத்தாள்.

“கோவிக்காத. நீ படிப்பிக்கிறது எனக்கு எங்கட சேர் நோட்ஸ் சொல்ற மாதிரியே இரிக்கி.”

கோபம் வந்தது. மாவட்டத்தில் நோட்ஸ் சொல்லாத ஆசிரியை என்று பெயர் எடுத்தவள் நான். எழுந்து போய் ஜன்னலருகே நின்றேன். அங்கே ஒரு தட்டில் குறுமணல் பரப்பி வைத்திருந்தது. சும்மா நிற்க முடியாமல் அதில் விரலால் கிறுக்கினேன்.

“அதக் கொழப்பாத. புள்ளையள்ற மண் அது.”

“இது எதுக்கு?”

“‘அ’ எழுதப் பழக்க. கையப் பிடிச்சி எழுத வைக்கிறல்ல நான். வெரல வெச்சி, வாயால சொல்லிக்கிட்டே போகச் சொல்லுவன். சுத்து, இறங்கு, திரும்பு...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். பழுப்புத் தாளைப் பார்த்தாள். பிறகு மலை என்ற வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

“மலையில மழ பெய்யிது,” என்று தொடங்கினாள். விரல் அம்பின் மேல் நகர்ந்தது. “மரத்த வெட்டினதால மண்ணு தண்ணியப் பிடிக்குதில்ல. மண்ணும் சேந்து வருது. ஆத்துக்கு அடியில படியிது. ஆறு மேல எழும்புது.” கடல் வரை போய் விரலை எடுத்தாள். மூச்சு வாங்கினாள். திரும்ப மலையில் வைத்தாள். “அதே மழ...” என்று அடுத்த அம்பில் போனாள்.

மூன்றாம் தடவை விரல் திரும்பி வந்தபோது நான் சொன்னேன்: “நஸ்ரியா, நீ மூச்சு வாங்கிற இடந்தான் பந்தி.”

“என்ன?”

“விரல் திரும்பி வருதே, அந்த இடத்தில ஒரு பந்தி முடியுது. மற்ற அம்பெல்லாம் எங்கயும் போகாது. நீ திரும்பி வரும் வரைக்கும் வட்டத்தில நிக்கும்.”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நிக்குமா?” என்றாள் மெதுவாக. பிறகு நிமிர்ந்து, “இத அப்பவே சொல்லப்படாதா நீ? எத்தன ஞாயிறு சும்மா தரயக் கழுவினம்!” என்று என் தோளில் ஓர் அடி போட்டாள்.

அதற்குப் பிறகு அவளே எழுதினாள். சின்னச் சின்ன வசனங்கள். “மலையில் பெய்யும் மழைக்கு மூதூரைத் தெரியாது” என்று ஒரு கட்டுரையைத் தொடங்கியிருந்தாள். பரீட்சைக்கு இது சரிவராது என்றேன். வெட்டினாள். வெட்டிய பிறகு அந்த வசனத்தை நான் என் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் கிண்ணியாப் பாலத்தால் பஸ் திரும்பும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளக்கும். அப்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை வரும். பரீட்சை பிந்தாதா என்று. ஓர் ஆசிரியை அப்படி ஆசைப்படக் கூடாது. அவள் சித்தியடைய வேண்டும் என்பதற்காகத்தான் போனேன். ஆனால் சித்தியடைந்துவிட்டால் சனிக்கிழமைகள் முடிந்துவிடும். இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடப்பேன்.

பரீட்சை பிந்தவில்லை.

ஓரத்தில் ஒன்று

புவியியலின் கடைசி வினாப்பத்திரம் முடியும் நேரம், நான் உப்புவெளி அறையில் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. அவள் அழைத்தாள்.

“எழுதினியோ?”

“எழுதினன்.”

“வசனமா?”

“வசனந்தான் புள்ள. பந்தி பந்தியா. வெரல் மேசையில ஊந்துக்கிட்டே இரிந்திச்சி. மேற்பார்வைக்கு நிண்டவரு கிட்ட வந்து வந்து பாத்தாரு, பேய் பிடிச்சிட்டெண்டு நெனச்சிருப்பாரு.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“ஒரு படம் கீறினன்,” என்றாள்.

“நஸ்ரியா!”

“சின்னது. எல்லாம் எழுதி முடிச்சித்தான். நேரம் இரிந்திச்சி. ஓரத்தில, வெரல் அளவு. கீறாம எழும்பி வர ஏலாமப் போச்சி.”

“என்ன படமடி? கேள்விக்குச் சம்பந்தமானதோ?”

“அது ஒனக்கில்ல,” என்றாள். “திருத்துறவருக்கு.”

பெறுபேறு இன்னும் வரவில்லை. அவள் சித்தியடைவாள் என்று நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் இரவில் படுத்தால் மனதில் வருவது பெறுபேறு அல்ல, அந்தப் படம். சிவப்புத் தரையில் அவள் கீறிய அத்தனையையும் முதலில் பார்த்தவள் நான். பலவற்றைப் பார்த்தது நான் மட்டும்தான். இதை நான் பார்க்கப் போவதில்லை. எங்கோ ஒரு மேசையில் முன்பின் தெரியாத ஒருவர், சிவப்புப் பேனையோடு, அந்தப் பக்கத்தைத் திருப்புவார். புள்ளியை எப்படியும் போடட்டும். அந்த ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனால் போதும் என்று இருக்கிறது.

பரீட்சைக்குப் பிறகு வந்த முதல் சனிக்கிழமை, பழக்கத்தில் நேரத்தோடு எழும்பி, பட்டண பஸ் நிலையம் வரை வந்துவிட்டேன். வந்த பிறகுதான் உறைத்தது. கொண்டு போவதற்குக் கேள்வித்தாள் இல்லை. திருத்துவதற்குக் கட்டுரை இல்லை. மூதூர் பஸ் இரைந்துகொண்டு நின்றது.

“டீச்சர், ஏறுறீங்களோ இல்லையோ?” என்று கொண்டக்டர் மிதிபலகையில் நின்று கேட்டார்.

ஏறினேன்.